தண்ணீர் வருமுன் திருப்புவனத்தில்

பெற்ற மகனுக்கு அம்மா எழுதுவது.

நேற்று போனில் நீ ரொம்பச் சந்தோஷமாக இருந்தாய். வைகை அணையைத் திறந்துவிட்டார்கள், திருப்புவனத்தில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுகிறதாம், வீடியோவில் பார்த்தாயாம், வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து காரோடு வருகிறாயாம். "அப்பாவ எறக்கி வையும்மா, சனிக்கிழமை கொண்டுபோயிக் கரைச்சிருவோம்" என்றாய். நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், நான் அழுதால் பேச்சு அத்தோடு முடிந்துபோகும். அதனால் எழுதுகிறேன். விஷயம் இதுதான். மாட்டுக் கொட்டகையில் தொங்குகிற கலயத்தில் உன் அப்பா இல்லை. ஆடி அமாவாசைக்கு மறுநாளே அவர் எலும்பைத் திருப்புவனத்துக்குக் கொண்டுபோய், காய்ந்து கிடந்த மணலில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வீடியோ காலில் நீ கைகூப்பிக் கும்பிட்டாயே, அது காரைக்குடிச் சந்தையில் நான் வாங்கி வந்த வேறு கலயம். உள்ளே அடுப்புச் சாம்பல் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தேன். அதை நீ கும்பிட்டபோதெல்லாம் நான் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதை நம் பங்காளிகள் குரூப்பிலும் போடப் போகிறேன். காசிக்குப் போய் எடுத்த படங்களை நீ போட்டாயே, அதே குரூப்பில்தான். அன்றைக்கு எல்லாரும் உனக்குக் கும்பிடு போட்டார்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று உன் அத்தை எழுதினாள். இதையும் அவள் படிக்கட்டும்.

உன் அப்பா மாசியில் போனார். கொள்ளி வைத்தாய், மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கினாய், அழுதாய். உண்மையாகவே அழுதாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எலும்புக் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் கொட்டகை விட்டத்தில் கட்டினார்கள். கருமாதிக்குள் கரைத்துவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். நீதான் முடியாது என்று நின்றாய். "ஆறு காஞ்சு கெடக்கு சித்தப்பா. தண்ணி ஓடுறப்பத்தான் விடணும்னு அப்பா எங்கிட்டச் சொல்லியிருக்காரு. மழைக்காலம் வரட்டும், நானே வந்து செய்றேன்" என்றாய். கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், அப்பன் சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை என்று. அந்தச் சொல் எனக்கும் தெரியும் என்பது உனக்கு மறந்துபோய்விட்டது. அதை எனக்குச் சொன்னதே நீதான்.

உன் தாத்தாவைக் கரைக்கப் போனோமே, அப்போது உனக்கு ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. ஒரு வேன் நிறைய ஆட்கள். நான் புளிச்சோறு கிண்டி, வாழை இலை அறுத்து, எல்லாம் கட்டி முடித்துக் கிளம்புகிற நேரத்தில் எனக்குத் தூரமாகிவிட்டது. பாதி வழியில் உன் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சனியன், இன்னைக்குத்தான் வாய்ச்சுதா ஒனக்கு?" என்றார். நான் கிண்டிய சோற்றை வழியில் ஒரு கம்மாய்க் கரையில் கொட்டினார்கள். திருப்புவனத்தில் எல்லாரும் இறங்கினார்கள், நான் மட்டும் வேனிலேயே இருந்தேன். கண்ணாடி வழியாகத்தான் அந்த ஊரை நான் முதலில் பார்த்தேன்.

உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு உன் அப்பா கதை சொன்னார். வேனுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார், எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. காசியிலிருந்து ஒருவர் தகப்பனார் எலும்பை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரத்துக்கு நடந்து வந்தாராம். இந்த ஊரில் தங்கிக் கலயத்தைத் திறந்து பார்த்தால் எலும்பெல்லாம் பூவாக இருந்ததாம். அதனால்தான் காசியைவிட இந்த இடம் ஒரு படி மேலாம், அதனால்தான் அந்த ஊருக்குப் பூவணம் என்று பெயராம். தேவாரம் பாடிய மூவரும் அக்கரைக்கு வந்து பார்த்தபோது ஆற்று மணல் ஒவ்வொன்றும் லிங்கமாகத் தெரிந்ததாம். மிதிக்க மனம் வராமல் அங்கேயே நின்று பாடினார்களாம். நந்தி மறைத்ததால் கொஞ்சம் சாய்ந்து உட்காரச் சொல்லிச் சாமி உத்தரவு போட்டாராம். நீ வாயைப் பிளந்து கேட்டாய். இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த லிங்கங்களின் மேலேயே செருப்புக் காலோடு நடந்து போனார் உன் அப்பா.

திரும்பி வந்தபோது உனக்கு வெயிலில் முகம் செத்துப்போயிருந்தது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். நீ கையை நீட்டினாய். "டேய், தொடாத, அம்மா தீட்டு. தொட்டியின்னா தாத்தாவுக்கு மோச்சம் கெடைக்காது" என்று உன் அப்பா சிரித்தார். நீ வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாய். அதோடு விட்டாயா? "அம்மா தீட்டு, அம்மா தீட்டு" என்று கைதட்டிக்கொண்டே வேனைச் சுற்றி வந்தாய். எல்லாரும் சிரித்தார்கள். சின்னப் பிள்ளை என்று நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் நீ ஜன்னலுக்குக் கீழே எட்டி நின்றுகொண்டு, பெரிய ரகசியம் போல, "அம்மா, தாத்தாவ மணல்ல பொதைச்சாங்கள்ல, அத நாய் தோண்டிருச்சு. அப்பா அழுதாரு. அவரு செத்தா மணல்ல போடக் கூடாதாம். தண்ணி ஓடுறப்ப நாந்தேன் எங் கையால விடணுமாம்" என்றாய். பாட்டில் என் கையிலேயே இருந்தது. நீ கடைசிவரை அதை வாங்கவில்லை.

அங்கன்வாடியில் இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவள் நான். எந்தப் பிள்ளையும் பிறக்கும்போதே அம்மாவைக் கேலி செய்து சிரிப்பதில்லை, யாராவது தோளில் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். நீ இப்போது உன் மகனைத் தோளில் வைத்திருக்கிறாய். போன பொங்கலுக்கு உன் மனைவி குழம்பில் உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள் என்று நீ ஏதோ சொன்னாய், அவன் கைதட்டினான். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இந்தக் கடிதத்தில் உனக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான். அதையும் நீ கேட்பாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

எலும்பு கரைக்காத வீட்டில் தீட்டுப் போகாது. அது உனக்குத் தெரியுமா? ஓசூரில் தெரிந்திருக்காது. மாசியிலிருந்து ஆடி வரை நான் கோயில் வாசல் மிதிக்கவில்லை. நம் அமராவதிபுதூரில் ஒரு வீட்டு விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடவில்லை, பால் வாங்க வருகிறவர்கள்கூட கொட்டகைப் பக்கம் திரும்பாமல் தெருவிலேயே சொம்பை நீட்டினார்கள். சிங்கம்புணரியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவளைப் பிறந்ததிலிருந்து எடுத்து வளர்த்தவள் நான். தங்கை போன் போட்டு, "அக்கா, நீ வர வேணாமுன்னு நான் சொல்லல. மாப்ள வீட்டுக்காரவுக என்னமும் பேசுவாக, ஒனக்குத்தேன் சங்கடம்" என்றாள். நான் போகவில்லை. நீ போனாய். பட்டு வேட்டி கட்டி, மேடையில் ஏறி, பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டாய். கலயம் உன் அப்பா கலயம், கொள்ளி வைத்த கை உன் கை, ஆனால் தீட்டு எனக்கு மட்டும்! நீ செய்தது தப்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அதோடு போயிற்றா, வைகாசியில் மாமனார் வீட்டோடு காசிக்குக் கிளம்பிவிட்டாய். கங்கையில் முங்கினாய், உன் மாமனார் தன் தாத்தா பாட்டிக்கெல்லாம் திதி கொடுக்க, பக்கத்தில் நின்று எள்ளும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தாய். எனக்கு ஒரு கங்கைச் சொம்பு கூரியரில் வந்தது. "அப்பா கலயத்துல ரெண்டு சொட்டுத் தெளிச்சிரும்மா" என்று போன். நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. கலயத்தைக் காட்டு என்றாய், எழுந்து போய்க் காட்டினேன். எலி கடித்துவிடாமல் பார்த்துக்கொள் என்றாய். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அதே கேள்விதான். கலயம் பத்திரமா, துணி நைஞ்சு போச்சா, விளக்குப் போடுகிறாயா. உன் அப்பாவும் நீயும் எப்போதும் ஒரு கட்சி. அவர் செத்த பிறகும் அவரை விசாரிக்கத்தான் நீ எனக்குப் போன் போட்டாய். எனக்கு வயிறு எரிந்தது. கட்டிய புருஷன் எலும்பின் மேல் பொறாமைப்படுகிற நிலைமைக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து விடலாமா?

ஆடி பிறந்ததும் உன் சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன். "மதினி, நீங்க கேக்குறது நாயந்தேன். ஆனா மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில நான் செஞ்சா நாளைக்கு அவென் என்னையக் கேள்வி கேப்பான். ஐப்பசி, கார்த்திகையில தண்ணி விட்ருவாக. இம்புட்டு நாள் பொறுத்தீக, இன்னுங் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கு உங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சம் கிடையாது. அவர் வீட்டுப் படி இறங்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்றுதான் முடிவு செய்தேன். இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. உன் அப்பா எதை வேண்டாம் என்றாரோ அதைத்தான் அவருக்குச் செய்ய நினைத்தேன், நீ எதற்காகக் காத்திருந்தாயோ அதை உனக்கு இல்லாமல் ஆக்க நினைத்தேன்.

கலயத்தை ஒயர் கூடையில் வைத்து, மேலே கொஞ்சம் முருங்கைக் கீரையைப் பரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை, உன் அப்பாவுக்கும் யாரும் கேட்கவில்லை. காரைக்குடி, சிவகங்கை, மானாமதுரை என்று மாறி மாறிப் போனேன். சீட்டுக்கு அடியில் கூடையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்திருந்தேன். வாழ்நாள் முழுக்க எனக்கு முன்னால் நடந்த மனுஷன், அன்றைக்கு என் காலடியில் வாயைத் திறக்காமல் வந்தார். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, எழுதக் கை கூசவில்லை.

திருப்புவனத்தில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மணல், கருவேலம், நாணல், முந்தின நாள் அமாவாசைக் கூட்டம் விட்டுப்போன வாழை இலைகளும் வேட்டிகளும். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்ததால் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் பூ விற்கிற பொம்பளை ஒருத்தி, நான் தனியாக வந்திருப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தாள். "கோயிலுக்குள்ள போனா பொன்னனையாள நெனச்சுக் கும்புடுங்கக்கா. சாமிக்கு முன்னாடி ஆடுற பொம்பள அவ. ஆசைப்பட்டுத் தங்கத்துல சாமி செஞ்சு வச்சாளாம். அழகு தாங்காம கன்னத்துல கிள்ளி முத்தங் கொஞ்சிட்டாளாம். அந்த நகத் தடம் சாமி கன்னத்துல இன்னும் இருக்குக்கா" என்றாள். சாமி கோபிக்கவில்லையா என்று கேட்டேன். "அவரு எதுக்குக் கோவிக்கப் போறாரு, ஆசையாத்தானே கிள்ளுனா" என்று சொல்லிவிட்டுப் பூக் கட்டப் போய்விட்டாள். அந்தக் கோயிலில் இப்படி ஒரு கதை இருப்பதை உன் அப்பா உனக்குச் சொல்லவில்லை. எலும்பைத் தூக்கி வந்த பிள்ளையின் கதையை மட்டும்தான் சொன்னார்.

என் முறை வந்தது. காரியம் செய்து வைக்கிற ஐயர் வயசானவர், நல்ல மனுஷன். "கொள்ளி வச்சது யாரும்மா? மகன் எங்கே?" என்று கேட்டார். ஓசூரில் இருக்கிறான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவனும் போயிட்டான்" என்று வந்துவிட்டது. வெளியூர் போய்விட்டான் என்ற அர்த்தத்தில் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. "ஒரே வருஷத்துல ரெண்டு பேரா? ஈஸ்வரா" என்றார். பொம்பளைகள் நேராகச் செய்யக் கூடாது, தர்ப்பையை என் கையில் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டு எனக்காக அவரே உட்கார்ந்தார். துணியை அவிழ்த்தபோது எட்டிப் பார்த்தேன். பூவாகவில்லை. எலும்பு எலும்பாகத்தான் இருந்தது. மணலில் குழி தோண்டி, குடத்துத் தண்ணீரை ஊற்றி, அதில் போட்டு மூடினோம். தண்ணீரை மணல் அப்போதே குடித்துவிட்டது.

பிறகு பச்சரிசி மாவை எள்ளு போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தார். உன் அப்பா பெயரைச் சொல்லி ஒன்று வைத்தார். இன்னொரு உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "பிள்ளை பேர் என்னம்மா? நட்சத்திரம்?" என்றார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். சாமி, அவன் உயிரோடுதான் இருக்கிறான், கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். நான் உன் பெயரைச் சொன்னேன். அனுஷம் என்றேன். நாக்குக் கொஞ்சம்கூட இடறவில்லை. உன் அப்பா உருண்டைக்குப் பக்கத்தில் உன் உருண்டையை வைத்தார்.

காக்காய் வந்தது. உன் அப்பா உருண்டையைச் சுற்றி நடந்தது, கிட்டப் போய்ப் பார்த்தது, தொடவில்லை. உன்னுடையதைத்தான் எடுத்தது. இன்னும் இரண்டு வந்து சண்டை போட்டுத் தின்றன. உயிரோடு இருக்கிறவன் உருண்டை என் கண் முன்னாலேயே தீர்ந்துபோனது. ஐயர் மெதுவாக, "உங்க வீட்டுக்காரருக்கு மனசுல ஏதோ குறை இருக்கும்மா. என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நிறைவேத்தி வைக்கிறேன்னு வாய்விட்டுச் சொல்லுங்கோ, எடுத்துரும்" என்றார். எனக்குத் தெரியும். தண்ணீர் வேண்டும், மகன் கை வேண்டும். அவர் ஆசைப்பட்டதைச் செய்து செய்தே என் வயசு போயிற்று, அன்றைக்கு ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. அந்த உருண்டை அப்படியே கிடக்க, நான் குழாயில் தலை முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

சாமி கும்பிட முடியவில்லை. வாசலுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன், உன் குரலைக் கேட்டால் போதும் என்று இருந்தது. கட் செய்துவிட்டு, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று எழுதி அனுப்பினாய். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன், ராசா. அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் கோபமும் திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டுக் கலயத்தைக் காட்டு என்றாய். அதற்குள் நான் புதுக் கலயம் வாங்கிக் கட்டியிருந்தேன்.

இப்போது வைகையில் தண்ணீர் ஓடுகிறது. அப்பா மேல்தானே ஓடுகிறது, அவர் ஆசைதான் நடந்துவிட்டதே என்று நீ மனசைத் தேற்றிக்கொள்வாய், உனக்கு அது வரும். ஆனால் உன் கை அதில் இல்லை. இனி எந்தக் காலத்திலும் இருக்க முடியாது. குழி எந்த இடம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை இங்கே வராதே. காரை நேரே திருப்புவனத்துக்கு விடு. பூ விற்கிறவர்களிடம் கேட்டால் வயசான ஐயரைக் காட்டுவார்கள். உன்னைப் பார்த்தால் அவர் பாவம் பயந்துவிடுவார், தொட்டுக் காட்டி, நான் சாகவில்லை என்று சொல். அப்படியே எனக்கும் ஒரு உருண்டை வைத்துவிட்டு வா. அம்மா உயிரோடு இருக்கிறாளே என்று தயங்காதே, நீயும் உயிரோடுதான் இருந்தாய். அவர் பெயர் கேட்பார், சொல்லிவிடுவாய். அப்புறம் நட்சத்திரம் கேட்பார். என் நட்சத்திரம் உனக்குத் தெரியாது. அப்போது எனக்குப் போன் போடாதே, நான் எடுக்க மாட்டேன்.